பெயர் தெரியுமுன் பயம் வேண்டாம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"சிவில் படிச்சவன் மேடையில வைத்தியம் பேசறானே!" என்று பின்வரிசை நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. காரணம் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் எக்ஸ்ரேயில், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். 'நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம்' என்று அறிக்கை வந்தது. அந்த 'லாம்' எங்கள் வீட்டில் யார் காதிலும் விழவில்லை. அம்மா சாப்பாட்டை விட்டார். நான் இன்சூரன்ஸ் பத்திரங்களை எடுத்து மனைவியிடம் விளக்க ஆரம்பித்தேன். "தள்ளிப் போடாதே, உடனே மருந்து ஏத்திக்கோ" என்றார் மாமா.

திசுக்களை ஆராயும் மூத்த மருத்துவர் ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. "ஊசியில வந்தது கொஞ்சம் செல்தான். கணுவோட அமைப்பையே பார்க்காம நான் பெயர் வைக்க மாட்டேன். கட்டியை முழுசா எடுத்துக் கொடுங்க" என்றார்.

எனக்கு நம்ம கான்கிரீட் லேப் ஞாபகம் வந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்ததோடு கட்டடத்தை இடிக்கச் சொல்வோமா? கோர் வெட்டி எடுத்துச் சோதித்த பிறகுதானே கையெழுத்துப் போடுவோம்!

ஆபரேஷனில் கட்டியை முழுவதும் எடுத்தார்கள். அது புற்று அல்ல, காசில்மன் நோய். பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் பெஞ்சமின் காசில்மன் 1956இல் இப்படிப்பட்ட 13 பேரைப் பற்றி எழுதினார். தைமஸ் சுரப்பிக் கட்டி என்று எண்ணும்படி, நெஞ்சின் நடுவே நிணநீர்க் கணு வீங்கியிருந்தது. இது ஓரிடத்தில் மட்டும் இருந்து, முழுதாக அகற்றிவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். உடம்பில் பல இடங்களில் வரும் வகை வேறு. அது ஆபத்தானது, மருந்து கட்டாயம் தேவை.

தம்பி தங்கைகளே, 'கட்டியெல்லாம் சும்மா' என்று நான் சொல்ல வரவில்லை. வாரக்கணக்கில் கரையாத கட்டியை மறைக்காதீர்கள். காசநோயாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். உடனே காட்டுங்கள். "திசுப் பரிசோதனையில் உறுதி ஆயிடுச்சா, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போய்விட்டது. வருஷத்துக்கொரு முறை ஸ்கேன் எடுக்கிறேன். ஆனால் இன்று உங்கள் முன் நிற்கிறேன். அதுவே போதும்.