கடாரம் யாண்டுளது?

(எறையூரில் நம் சங்கத்தார் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உலக சரித்திரத்தைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். உலகமோ பெரிது, எனக்களித்த காலமோ அரை மணி. ஆதலின் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அது கடாரம் என்பது.

நமக்குத் தென்கிழக்கே கங்கைகொண்ட சோழபுரத்தை நிறுவிய முதல் இராசேந்திரனைக் கடாரங்கொண்டான் எனப் போற்றுகின்றோம். அவன் கொண்ட கடாரம் யாண்டுளது? கற்றறிந்தோரே இவ்வினாவில் நெடுநாள் மயங்கினர். சிலர் பர்மா தேசத்தில் தேடினர்.

தஞ்சைப் பெரிய கோயிற் சுவரிலுள்ள மெய்க்கீர்த்தி, 1025-ஆம் ஆண்டளவில் சோழர் கப்பற்படை கடாரத்தரசனை வென்றதனைக் கூறி, ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் எனப் பல ஊர்களை அடுக்குகின்றது. அவை எத்திசையன, எத்தனை நாட் பயணம் என்பதைச் சொல்லிற்றில்லை. வெற்றி பாடும் புலவன் வழி சொல்வானல்லன்.

வழி சொன்னது வேறோர் சாஸனம். ஹாலந்து தேசஞ் சென்றமையால் லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள் 21 ஏடுகளைக் கொண்டவை. 5 வடமொழி, 16 தமிழ். கடாரத்தரசன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த பௌத்த விகாரத்துக்கு, முதல் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்து வருவாயை அளித்த செய்தி அதில் உள்ளது. சைவப் பேரரசன் புத்தர் பள்ளிக்கு ஈந்தான். அவ்வீகையை ஆண்டு முறையோடு எழுதியும் வைத்தான். தமிழ்ப் பகுதி கடாரத்தரசன் என்று மட்டும் கூற, வடமொழிப் பகுதி அவ்வரசனாகிய மாறவிஜயோத்துங்கவர்மனை ஸ்ரீவிஜயத்துக்கும் தலைவன் என்கின்றது. தமிழ் ஒன்றே போதுமென்று இருந்திருந்தால் இம்முடிச்சு அவிழ்ந்திராது. தமிழாசிரியனாகிய யானே இதனை ஒப்புக்கொள்கின்றேன்!

இனிச் சீன தேசத்துக்குச் செல்வோம். அந்நாட்டுச் சோங் மரபின் சரித்திரம், சான்-போ-சி என்னும் தென்கடல் நாட்டினின்று 1003-ஆம் ஆண்டிலும் 1008-ஆம் ஆண்டிலும் தூதர் வந்ததைக் குறித்து, அவரை விடுத்த மன்னர் பெயர்களையும் தருகின்றது. சீன ஒலியிற் சிதைந்து கிடக்கும் அப்பெயர்களைச் சீர்செய்து பார்த்தால், முன்னது சூளாமணிவர்மன், பின்னது மாறவிஜயன். நம் செப்பேட்டிலுள்ள அதே தந்தையும் மகனும்! சீனத்து எழுத்தனும் சோழநாட்டு எழுத்தனும் ஒருவரையொருவர் கண்டிலர். ஆயினும் இருவர் கூற்றும் ஒத்தன. 1918-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழார்ழ் செடேஸ் இவற்றை ஒருங்கு வைத்து ஆராய்ந்து, ஸ்ரீவிஜயம் சுமத்ராத் தீவின் பலெம்பாங்கைத் தலைமையாகக் கொண்ட பேரரசென நிறுவினார். கடாரம் மலேயாவின் கெடா. பட்டினப்பாலையில் வரும் காழகத்துக்கு நச்சினார்க்கினியர் கடாரமென்றே உரை வரைந்திருத்தலும் இங்கு நினைக்கத்தக்கது.

கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழ்ந்தோர் சீனப் பீங்கான் ஓடுகளையுங் கண்டெடுத்தனர். அவ்வோட்டில் ஓர் எழுத்தும் இராமற்போகலாம். எனினும் தூதும் வாணிகமும் நடந்தனவென்று ஏடுகள் கூறுவதற்கு அது கைச்சாட்சி.

நம் சங்கத்தார் குலவரலாறு எழுதக் கருதியுள்ளனர். அதற்கென அனுப்பப்பெற்ற கட்டுரைகள் சிலவற்றைப் படித்தேன். எல்லாவற்றிலும் நாம் மன்னர் மரபு. ஒன்றிலேனும் ஒரு கல்வெட்டின் பெயர் இல்லை. சினங்கொள்ளற்க. மெய்க்கீர்த்தியையே அயலார் சான்றோடு ஒப்பிட்டே ஏற்றனர் எனின், நம் கூற்றை ஊரார் எங்ஙனம் ஏற்பர்?

சான்று அழிதல் எளிது. 1836-ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்துக் கீழணைக்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயில் மதிற்கற்களே பெயர்க்கப்பட்டன. அணை வேண்டுவதே, கல்லில் எழுதியிருந்தவற்றைப் படியெடுத்தபின் பெயர்த்திருக்கலாம். பிறரைக் குறைகூற எனக்கும் தகுதியில்லை. என் பாட்டனார் மறைந்தபின் அவர் ஓலைச்சுவடிகள், ஒரு கோணி நிறைய, ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டன. யான் அப்போது சிறுவன். அவை மிதந்து செல்லுதலைக் கைகொட்டிப் பார்த்தேன். அவற்றில் இருந்தது வைத்தியமா, நிலக்கணக்கா, பாட்டா, இனி யார் சொல்வர்?

ஆகவே, உங்கள் வீட்டுப் பரணில் ஓலையோ, பழம் பத்திரமோ, பெயர் பொறித்த செப்புக்குடமோ இருப்பின் விலைக்குப் போடாதீர்கள். ஞாயிறுதோறும் காலையில் பள்ளித் திண்ணையில் இருப்பேன். கொணர்ந்தால் படித்துப் படியெடுத்துக்கொண்டு, பொருளை உங்களிடமே திருப்பித் தருவேன்.