2147483647: ஆய்லர் சோதித்த எண், கணினி முட்டிக்கொள்ளும் கூரை

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இப்படிப் பிறக்கும் எண்களில் எவையெல்லாம் பகா எண்கள் என்று 1644-ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் ஒரு பட்டியல் போட்டார். நிரூபணம் எதுவும் தரவில்லை. பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கையாகச் சொன்னால், அதில் 67-உம் 257-உம் தவறாக நுழைந்திருந்தன. 61, 89, 107 விடுபட்டுப் போயிருந்தன. 31 சரிதானா என்பது உறுதியாக 1772 ஆயிற்று.

உறுதி செய்தவர் லியோனார்ட் ஆய்லர். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், கண்பார்வை கிட்டத்தட்ட முழுதும் போன நிலையில் இருந்தார். முரட்டு வழியில் போனால் 46,340 வரையுள்ள ஏறத்தாழ 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் அந்த வேலையைச் சுருக்கினார். இதற்குக் காரணி என்று ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மட்டுமே மிஞ்சும் என்று காட்டினார். அந்தச் சல்லடையில் முதலில் நிற்கும் பகா எண் 311. அதனால் வகுத்தால் 35 மிஞ்சுகிறது. அடுத்தது 1303; மீதி 226. இப்படி நானூற்றுக்கும் குறைந்த எண்ணிக்கையிலான எண்களைப் பார்த்தால் போதும், தீர்ப்பு வந்துவிடும்: பகா எண்தான்.

இந்த எண்ணோடு முப்பது இரண்டுகளின் பெருக்கற்பலனைப் பெருக்கினால் 2305843008139952128 வரும். 6 = 1 + 2 + 3 என்பதுபோலத் தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான நிறைவெண் அது. வெறும் வேடிக்கைதானே, பயன் என்ன, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-ல் எழுதினார் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ. 1876-ல் பிரான்சின் லூகாஸ் 39 இலக்கப் பகா எண்ணையே நிரூபித்துவிட்டார். அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண்ணும் கிடைத்துவிட்டது.

பயன் கணினியோடு வந்தது. 32 பிட்டுகளில் ஒன்றை மிகை, குறைக் குறிக்கு ஒதுக்கிவிட்டால், எஞ்சிய 31 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுவே. அது பகா எண்ணாகவும் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் வீணாகவில்லை: 16807-ஆல் பெருக்கி இந்த எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போகும் ரேண்டம் எண் முறை, 214 கோடிச் சுற்றுகளுக்கும் மேல் திரும்ப வராமல் ஓடுவதற்கு அந்தப் பகாத்தன்மையும் காரணம்.

கூரை தாழ்வாக இருந்தால் தலை இடிக்கும். 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இந்த எல்லையைத் தாண்டின; யூடியூப் அதற்காக 64 பிட்டுக்கு மாறியிருந்தது. 2015-ல் அமெரிக்க விமானத்துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது: போயிங் 787-இன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளை 248 நாள் அணைக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் கணக்கி நிரம்பி வழிந்து மின்சாரம் நின்றுபோகலாம். நூறில் ஒரு பங்கு வினாடிகளாக எண்ணினால் 2147483647 தீர ஆகும் காலமும் 248 நாள்தான். ஆய்லரின் 248-க்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

பெரிய சோதனை இனிமேல்தான். யூனிக்ஸ் வழிவந்த பழைய கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணி வருகின்றன. 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்தக் கணக்கு இந்த எண்ணைத் தொடும். அதற்குள் 64 பிட்டுக்கு மாறாத கருவிகளில், அடுத்த வினாடி 1901 டிசம்பர்.