விடுமுறை நாளுக்கும் கூலி உண்டு!
(கும்மிடிப்பூண்டி வாயிற்கூட்ட உரை)



விவசாய சங்கத்துக்கு சிப்காட் கேட்டுல என்ன வேலைன்னு கேக்கறாங்க. ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைகள்தானே இன்று இங்கே ஒப்பந்தக் கூலிகள்? ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றைய கூலியைப் பிடிக்கிறார்கள். பொங்கலுக்கும் அதே கதி.

"கேஷுவலுக்கு லீவு சம்பளம் கிடையாது" என்கிறார் காண்டிராக்டர். பச்சைப் பொய்! தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் என்ன சொல்கிறது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு 5 பண்டிகை நாட்கள். ஆக 9 நாளும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். இல்லையேல் அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை.

ஆண்டு விடுப்புக்கு 1948 தொழிற்சாலைச் சட்டம் 240 நாள் கேட்டது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் 180 நாள் உழைத்தால் போதும். 20 நாளுக்கு ஒரு நாள். அதனால்தான் இடையில் பேரை வெட்டி, புதுசாய்ச் சேர்த்த மாதிரி எழுதுகிறார்கள். ஏமாறாதீர்கள்!

கேட் பாஸ், சம்பளச் சீட்டு, வேலை செய்த நாள் கணக்கு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தனியாய்ப் போனால் வேலை போகும். எல்லோரும் கையெழுத்திட்டு தொழிலாளர் துறையில் மனு கொடுப்போம். நாங்கள் முன்னே நிற்கிறோம்.

வரும் பொங்கலுக்குக் கூலியோடு வீட்டில் பானை வைப்போம்!