வேலையில்லாதவர் எத்தனை பேர்? யாரை விட்டுவிட்டு எண்ணினார்கள்?

(கள்ளக்குறிச்சியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடைவீதியிலிருந்து ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருக்கும் வணிகச் சகோதரர்களே, முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுச் சுவரோரம் நின்று கொண்டிருக்கும் இளைஞர்களே!

வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். இது எந்தக் கட்சி மேடையிலும் கைதட்டல் வாங்கித் தரும் தலைப்பு. ஆளும் கட்சிக்காரர் ஏறினால், 'எங்கள் ஆட்சியில் வேலையின்மை பாதியாகக் குறைந்துவிட்டது' என்பார். எதிர்க்கட்சிக்காரர் ஏறினால், '45 ஆண்டுகளில் இல்லாத வேலையின்மை' என்பார். இருவர் கையிலும் காகிதம் இருக்கும். இரண்டும் ஒரே அரசாங்க அலுவலகம் அச்சடித்த காகிதம்தான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலே வேடிக்கை. அந்த வேடிக்கையைப் புரிந்து கொள்ளாமல் நாம் இரண்டு பக்கமும் கைதட்டிக் கொண்டிருக்கிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2017-18இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தொழிலாளர் நிலை பற்றிய ஆண்டுக் கணக்கெடுப்பு; அதுதான் அந்த வரிசையில் முதலாவது. அதில் நாட்டின் வேலையின்மை 6.1 சதவீதம் என்று வந்தது. 2011-12இல் எடுத்த பழைய கணக்கில் இது 2.2 சதவீதம். அறிக்கைக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் கொடுத்து விட்டது. ஆனால் அறிக்கை வெளியே வரவில்லை. தேர்தல் நெருங்கிக் கொண்டிருந்தது. 2019 ஜனவரி இறுதியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் பதவி விலகினார்கள். சில நாட்களில் பிசினஸ் ஸ்டாண்டர்டு நாளிதழ் அந்த எண்ணை வெளியிட்டு விட்டது. 'அது வரைவுதான், இறுதியானதல்ல' என்று நிதி ஆயோக் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னது. தேர்தல் முடிந்தது, புதிய அரசு 2019 மே 30ஆம் தேதி பதவியேற்றது, மறுநாள் 31ஆம் தேதி அறிக்கை வந்தது. அதே 6.1!

இதைக் கேட்டதும் உங்களில் பலருக்குச் சந்தோஷம், பார்த்தீர்களா! சற்றுப் பொறுங்கள். பழைய கதையையும் கேளுங்கள்.

காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் 2009-10இல் எடுத்த கணக்கெடுப்பு, ஐந்தாண்டுகளில் நாட்டில் வேலை ஏறக்குறைய கூடவே இல்லை என்று சொன்னது. அன்றைய ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள்? 'அது வறட்சி ஆண்டு, அந்த ஆண்டை வைத்துப் பார்க்கக் கூடாது' என்று சொல்லி, ஐந்தாண்டுகள் காத்திராமல் 2011-12லேயே இன்னொரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். அன்று எதிர்வரிசையில் இருந்த பா.ஜ.க., 'வேலை தராத வளர்ச்சி' என்று 2014 தேர்தல் அறிக்கையிலேயே எழுதியது. நாற்காலி மாறியது, வசனமும் இடம் மாறியது. அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அந்த 2009-10இல் வேலையின்மை வீதம் கூடவில்லை. 2.3இலிருந்து 2.0 ஆகக் குறைந்தது! வேலை கூடவில்லை, வேலையின்மையும் குறைகிறது. எப்படி? வேலை தேடுவதையே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவரை இந்தக் கணக்கு வேலையில்லாதவர் பட்டியலில் சேர்ப்பதில்லை. தேடினால்தான், அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தால்தான் அவர் வேலையில்லாதவர். வெறுத்துப்போய் வீட்டிலிருக்கும் ஆள் பட்டியலிலிருந்தே மறைந்து விடுகிறார். எண் அழகாகி விடுகிறது.

2017-18க்குப் பிறகு என்ன ஆயிற்று? வீதம் படிப்படியாக இறங்கி, 2023-24இல் 3.2ஆக இருந்தது. முன்பு 'இது புதிய அளவுகோல், பழைய கணக்கோடு ஒப்பிடாதீர்கள்' என்று சொன்னவர்கள், இப்போது அதே அளவுகோலைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகிறார்கள். (ஒரே அளவுகோலுக்குள் ஒப்பிடுவது நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. 2017-18இல் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறியிருந்தது என்பதும் உண்மை.) ஆனால் அந்த இறக்கத்துக்குள்ளே இருப்பது என்ன என்பதை எந்த மேடையிலும் பேசுவதில்லை. அதற்குத்தான் உங்கள் கடைக்கு வருகிறேன்.

வணிகச் சகோதரர்களே! உங்கள் மகன் பி.காம். முடித்திருக்கிறான். இரண்டு ஆண்டாக வேலை தேடினான். கிடைக்கவில்லை. 'சும்மா ஏன் இருக்கிறாய், கல்லாவில் உட்கார்' என்றீர்கள். உட்கார்ந்தான். சம்பளம்? ஏது சம்பளம், அத்தா கடைதானே! பெட்ரோலுக்கும் செல்போனுக்கும் கேட்டால் கொடுப்பீர்கள். ஏற்கெனவே நீங்களும் ஒரு பையனும் பார்த்துக் கொண்டிருந்த வியாபாரம்தான். அவன் வந்ததால் ஒரு மூட்டை கூடுதலாக விற்றதா? இல்லை. ஆனால் கணக்கெடுப்பவர் வந்து கேட்டால் அவன் என்ன? 'குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்'. அதாவது, வேலையில் இருப்பவன்! தேசத்தின் வேலையின்மையைக் குறைத்த ஒரு வீரன் உங்கள் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

சிரிக்காதீர்கள். இப்படி ஊதியமில்லாமல் உதவுகிறவர்கள் 2017-18இல் வேலையில் இருப்போரில் 13.6 சதவீதம். 2022-23இல் 18.3 சதவீதம். சுயதொழில் செய்வோர் எல்லாரையும் சேர்த்தால் 52.2 சதவீதம் இருந்தது 2023-24இல் 58.4 ஆகிவிட்டது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு கூடவில்லை, 22.8இலிருந்து 21.7 ஆகக் குறைந்தது. வேலைக்கு வரும் பெண்கள் 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமானார்கள் என்பதைப் பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள். அதில் பெரும் பகுதி கிராமத்துப் பெண்கள், சொந்தக் காட்டிலும் கொட்டகையிலும் மாட்டோடும் கிடப்பவர்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். இந்த இலக்கணத்தை இன்றைய ஆட்சி உண்டாக்கவில்லை. குடும்பக் கடையில் உதவுபவரை வேலையில் இருப்பவராக எண்ணுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் அப்படித்தான் எண்ணுகிறது. எண்ணுவதில் குற்றமில்லை. எண்ணியதைக் காட்டி, 'வேலை கொடுத்தோம்' என்று சொல்வதில்தான் குற்றம்.

நம் சமுதாயத்துக்கு இது ஏன் முக்கியம்? 2006இல் சச்சார் குழு கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். வேலை செய்யும் முஸ்லிம்களில் 61 சதவீதம் பேர் சுயதொழில். இந்துக்களில் 55 சதவீதம். நாம் கடைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், மெக்கானிக்குகள், தையற்காரர்கள். அலுவலகத்தில் இடம் கிடைக்காதவன் கடையில் உட்காருகிறான். ஆகவே வீதம் குறைந்தது என்ற கொண்டாட்டத்தில் நம் பிள்ளைகளின் தோல்வியும் சேர்ந்தே எண்ணப்படுகிறது. 2018 ஜனவரியில் பிரதமர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பக்கோடா விற்று ஒரு நாளைக்கு 200 ரூபாய் வீட்டுக்கு எடுத்துப் போகிறவனுக்கு அது வேலை இல்லையா என்று கேட்டார். உடனே எதிர்க்கட்சி இளைஞர்கள் பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக் கொண்டு தெருவில் பக்கோடா சுட்டார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது கேவலமில்லை. இந்த ஊர்வலக்காரர்கள் அதைக் கேலிப் பொருளாக்கினார்கள். அவரோ, அந்த மனிதன் சொந்தக் காலில் நின்று சம்பாதித்ததை அரசாங்கத்தின் கணக்கில் வரவு வைக்கப் பார்த்தார்.

இனி மலைக்குப் போவோம். இங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலை. ஜாகீர்தார்கள் பிடியில் 1976 வரை கிடந்த மலை. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, மரவள்ளி போடுகிறார்கள். கடுக்காய், புளி, தேன் எடுக்கிறார்கள். உங்களில் சிலர் அவற்றை வாங்கி விற்கிறீர்கள், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணக்கெடுப்பின் விதி என்ன சொல்கிறது? ஆண்டில் 30 நாள் ஒரு துணை வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். வாராந்தரக் கணக்கில் இன்னும் எளிது. ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும்! கடுக்காய்ப் பருவத்தில் ஒரு மாதம் காட்டில் அலைந்தவர் ஆண்டு முழுக்க வேலைக்காரர். மலையில் வேலையில்லாதவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். பிறகு ஏன் அவர்கள் மிளகு பறிக்கக் கேரளாவுக்கும் தோட்ட வேலைக்குக் கர்நாடகத்துக்கும் பஸ் ஏறுகிறார்கள்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2023-24இல் கேரளாவின் வேலையின்மை 7.2 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 1 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் கேரளாக்காரர்கள் மத்தியப் பிரதேசத்துக்கு வேலை தேடி ரயில் ஏற வேண்டும். நடப்பது என்ன? பசித்தவனுக்கு வேலையில்லாமல் இருக்கக்கூட வசதியில்லை. கிடைத்ததைச் செய்கிறான், வேலைக்காரனாகிறான். படித்து, நல்ல வேலைக்குக் காத்திருக்க வீட்டில் சோறு இருப்பவன்தான் வேலையில்லாதவனாக எண்ணப்படுகிறான்.

மலையின் அந்தப் பக்கம் சேலம் மாவட்டம், கருமந்துறை. 2018 பிப்ரவரியில் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. கருமந்துறைப் பக்கத்து ஆட்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள் போலீசார். ஏரியில் மூழ்கி இறந்தார்கள் என்றும் சொன்னார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத்துக் கூலிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை நாடே பேசியது. இந்த ஐந்து பேரைச் சீக்கிரம் மறந்து விட்டது. 2024 ஜூனில் நம் ஊர்க் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், கல்வராயன் மலை மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. எண்ணப்பட்ட வேலை பிழைக்கப் போதவில்லை என்பதால்தான் ஏஜெண்டின் முன்பணத்துக்கு மனிதன் கை நீட்டுகிறான்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் டிரம்ப் 2016 தேர்தலில் அரசின் வேலையின்மைக் கணக்கைப் பொய் என்றார். ஆட்சிக்கு வந்ததும் 2017 மார்ச்சில் எண் நன்றாக வந்தது. 'முன்பு பொய்யாக இருந்திருக்கலாம், இப்போது உண்மை' என்று அவர் சொன்னதாக அவருடைய பேச்சாளரே சிரித்துக் கொண்டு சொன்னார். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி எண் மோசமாக வந்தது. கணக்கெடுக்கும் துறையின் தலைவி எரிகா மெக்என்டார்ஃபரை அன்றைக்கே பதவியிலிருந்து நீக்கினார். முகத்தில் கரி இருந்தால் கண்ணாடியை உடைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பழி மேலே நிற்காவிட்டால் கீழே இறங்கும், அதையும் கவனியுங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்வதாகப் பொய் வீடியோக்கள் ஓடின. 'நம் வேலையை அவன் பறித்தான்' என்ற பேச்சு நம் இளைஞர்கள் வாயிலும் வந்தது. ஓட்டலில் தட்டுக் கழுவும் பீகார்ப் பையன் உங்கள் பி.காம். வேலையைப் பறிக்கவில்லை, சகோதரர்களே. பழி சுமத்தப்படுவது எப்படி இருக்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

ஆகவே ஓட்டுக் கேட்டு வருபவரிடம் வீதம் பற்றிக் கேட்காதீர்கள். ஆள் என்ன வேலை செய்கிறான், மாதம் எத்தனை நாள், எவ்வளவு கூலி, பி.எஃப். உண்டா என்று கேளுங்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. நம் மாவட்டத்துக்கென்று தனி எண் 2023-24 ஆண்டறிக்கையில்கூட இல்லை. 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தை அடிப்படையாக வைத்து வீடுகளைத் தேர்ந்தெடுப்பதாக மாற்றியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தின் எண்ணை வெளியிடு என்று கேட்கலாம். உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை, 20,000 பேருக்கு வேலை என்று 2023 ஏப்ரலில் மாநில அரசு தைவான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. வேலையில் சேர்ந்தவர் எத்தனை பேர், அதில் மலையிலிருந்து எத்தனை பேர், நம் பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும், டில்லியில் இருப்பவர்களிடம் மட்டுமல்ல.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை, கோபித்துக் கொள்ள வேண்டாம். உங்கள் கடைப் பையனின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? 2021இல் தமிழக அரசு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தது. எத்தனை கடையில் அந்த ஸ்டூல் இருக்கிறது? ஆட்சியாளர்களிடம் நல்ல வேலை கேட்கும்போது, நாம் கொடுக்கும் வேலையையும் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

இளைஞர்களே, கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், கௌரவத்துக்காக 'பிசினஸ் பண்ணுகிறேன்' என்று சொல்லாதீர்கள். வேலை தேடுகிறீர்களா என்றால் தேடுகிறேன் என்று சொல்லுங்கள். சம்பளம் உண்டா என்றால் இல்லை என்று சொல்லுங்கள். அத்தா பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.

பின்னால் நிற்பவர்கள் நெடுநேரமாகக் கை தூக்கிக் கொண்டிருக்கிறார்கள். கேள்விகளுக்கு வருவோம்.