ஒல்லியா இருந்தாலும் கொழுப்பு இருக்கும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



"அவளுக்குக் கொழுப்பு அதிகம்" என்று ஊரில் யாரைச் சொல்வோம் என்பது உங்களுக்கே தெரியும். இன்றைக்கு அந்தக் கொழுப்பு இல்லை, ரத்தத்தில் இருக்கும் கொழுப்பைப் பற்றிப் பேசுவோம்.

குழுக்களுக்குப் போனால் நாங்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "காட்டு வேலை செய்யுறோம், உடம்புல எலும்புதான் இருக்கு, நமக்கு ஏதுங்க கொழுப்பு?" உடம்பு பருமனை வைத்து இதைச் சொல்ல முடியாது. ரத்தக் கொழுப்பு வலிக்காது, தலை சுற்றாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொலஸ்ட்ரால் உடம்புக்கு வேண்டிய பொருள்தான். பெரும்பகுதியை நம் ஈரலே தயாரிக்கிறது. அளவு மிஞ்சும்போது எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு ரத்தக் குழாயின் உள்சுவரில் வருடக்கணக்கில் படிந்து அடைக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் அப்படித்தான் வருகின்றன. எச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பு, மிஞ்சியதை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டு போகும்.

மூன்றாவது டிரைகிளிசரைடு. இதை நாம் கண்டுகொள்வதே இல்லை. கறியும் எண்ணெயும் சாப்பிட்டால்தான் கொழுப்பு ஏறும் என்று நினைக்கிறோம். மூன்று வேளையும் சோறு, நடுவில் நாலு தடவை சர்க்கரை போட்ட டீ என்றால், செலவாகாத மாவுச்சத்தை ஈரல் இந்தக் கொழுப்பாக மாற்றிவிடும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரை, பயறு, சுண்டலைக் கூட்டுங்கள். எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தாராளமாக ஊற்ற வேண்டாம். கடலை, எள், தேங்காய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது! ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும்.

ரிப்போர்ட்டில் மொத்த கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழ், டிரைகிளிசரைடு 150-க்குக் கீழ், பெண்களுக்கு எச்.டி.எல். 50-க்கு மேல் இருப்பது நல்லது. சர்க்கரை நோய், தைராய்டு உள்ளவர்களும், மாதவிடாய் நின்றவர்களும், குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்களும் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

"ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தானே? நிறுத்தினால் திரும்ப ஏறிவிடும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கர்ப்பமானால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.