நூலைப் போலவா சேலை?



பழமொழிகளைக் கேள்வி கேட்டால் உடனே "பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்பார்கள். சும்மா சொல்லவில்லைதான். யார், யாரிடம், எதற்காகச் சொன்னார்கள் என்பதே என் கேள்வி.

திருப்பூரில் நின்று பேசுவதால் நூலிலிருந்தே தொடங்குகிறேன். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை." பெண் பார்க்கும் பேச்சில் இதைச் சொல்லாத வீடு குறைவு. குணத்தைப் பற்றிச் சொல்வது போல இருக்கும். ஆனால் யார் வயிற்றில் பிறந்தாயோ, அதற்கு மேல் நீ இல்லை என்பதுதான் அதன் பொருள்.

இங்கே இருக்கும் பனியன் கம்பெனித் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே நூலை ஒரு மெஷினில் ஓட்டினால் சிங்கிள் ஜெர்சி, இன்னொன்றில் ஓட்டினால் ரிப், வேறொன்றில் இன்டர்லாக். லூப்பின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் துணியின் எடையே மாறிவிடும். அப்புறம் சாயப்பட்டறை, கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன். எல்லாம் நூலிலேயே முடிவாகிவிட்டதென்றால் இந்த ஊரில் இத்தனை லட்சம் பேருக்கு என்ன வேலை? துணிக்கே பொருந்தாத விதியை மனிதருக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

இன்னொன்று: "இனம் இனத்தோட, வெள்ளாடு தன்னோட." 2016 மார்ச் 13 அன்று இதே மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், சங்கர் என்ற தலித் பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து அவரை மணந்த கௌசல்யா வெட்டுக்காயங்களோடு உயிர் பிழைத்தார். பழமொழி அரிவாள் எடுக்காது என்பீர்கள். சரி. ஆனால் சாதி மாறிக் கல்யாணம் செய்தாலே குற்றம் என்ற எண்ணத்தை, விளையாட்டுப் பேச்சு போல, தலைமுறை தலைமுறையாக ஊட்டியது எது?

நம் வீட்டுப் பேச்சையும் சொல்லியாக வேண்டும். என் அம்மாயி தோட்டங்காட்டுக்குக் கூலிக்குப் போனவர். பத்தாவது முடித்து மேலே படிக்கிறேன் என்று நான் சொன்னபோது, "விரலுக்குத் தக்கனதான் வீங்கோணும் கண்ணு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பல வருடம் கழித்துத்தான் கேட்டேன், இதை உனக்கு யார் சொன்னார்கள் என்று. கூலி சேர்த்துக் கேட்டபோது பண்ணையத்துக்காரர் சொன்னாராம். அடி படாமல் நாங்கள் பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில் அதையே எங்களுக்கும் கொடுத்திருக்கிறார்.

அதே அம்மாயி, "அழுத புள்ளைக்குத்தான் பாலு" என்றும் சொல்வார். 1984இல் பஞ்சப்படி கேட்டு திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் நான்கு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தப் பழமொழிக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆகவே எல்லாவற்றையும் கொளுத்தச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாட்டியைத் திட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இதை உனக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரலாறு கிடைக்கும்.

ஆதிக்கச் சாதி வீடுகளிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு வேலை இன்னும் கடினம். அடுத்த முறை பெண் பார்க்கும் பேச்சில், "நூலைப் போல சேலை" என்று யாராவது தொடங்கும்போது நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. அந்த இடத்தில் நாங்கள் இருக்க மாட்டோம். நீங்கள்தான் இருப்பீர்கள்.