மார்வலியை வாயுவென்று எண்ணலாகாது
(தெலுக் பங்லிமா காராங் வட்டாரத் தோட்ட மக்களுக்கான உரை)



பால் வாளி சுமந்து வருகையில் மார்பு வலித்தால், ‘வாயு’ என்று தைலம் தடவிப் படுத்துக்கொள்வது நம்மிடையே வழக்கம். இதனை நாம் கைவிடல் வேண்டும்.

இருதயக் குழாய் அடைபட்டாலும், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தாலும், நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து நெஞ்சறையில் நிறைந்தாலும், பெருநாடியின் உட்சுவர் கிழிந்தாலும் மார்வலியும் மூச்சுத் திணறலும் தோன்றலாம். ஆனால் சிகிச்சைகள் வெவ்வேறு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து மாரடைப்பில் உயிர் காக்கும். பெருநாடி கிழிந்தவருக்கோ அதுவே எமனாகலாம். அக்கிழிசலே இருதயக் குழாயை அடைத்து மாரடைப்பை உண்டாக்குவதும் உண்டு. ஆதலின் மருத்துவர் ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, தேவையெனில் ஸ்கேன் ஆகியவற்றை ஒப்புநோக்கியே முடிவு செய்கிறார். முதல் ஈ.சி.ஜி. சீராயிருப்பினும் மீண்டும் எடுப்பது இதனாலேயே.

நாம் செய்யத்தக்கது யாது? மார்வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் உடனே வேலையை நிறுத்துவோம். நோயாளியை உட்கார வைத்து 999 எண்ணை அழைப்போம். அவர் தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்லலாகாது. வலி தொடங்கிய நேரத்தையும் உண்ட மருந்துகளையும் மருத்துவரிடம் கூறுவோம். நீரிழிவுடையோருக்கு வலியின்றியும் மாரடைப்பு வரலாம் என்பதை நினைவிற்கொள்வோம்.

நமக்கு ஒருபுறம் கிள்ளானிலும் மறுபுறம் பந்திங்கிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. ஒரு நாள் கூலியினும் உயிர் பெரிது.